கண் பார்க்கிறவள்

அவள் யாரிடமும் சுகமா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நேராகப் பக்கத்தில் போவாள். இடது கையால் ஆளின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவாள். வலது கைப் பெருவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். கண் வெள்ளையாக இருந்தால் முடியை விட்டுவிடுவாள். மஞ்சளாக இருந்தால் அடிப்பாள். அதற்கென்றே ஒரு பூவரசங்கம்பு வைத்திருந்தாள். வெளியூர்க்காரர்கள் அது மீனுக்கு வரும் நாய்களை விரட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனயம் கடற்கரையிலிருந்து தலையில் மீன் சுமந்து கருங்கல் சந்தையில் கொண்டு விற்கிறவள். நாற்பது வயதிருக்கும். ஆண்பிள்ளை உயரம். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் வெற்றிலைப் பை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஆனால் நான் அங்கே இருந்த வரையில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. "கண்ணு பாக்கியவ வாறா" என்பார்கள். அதைக் கேட்டதும் ஆண்கள் சிலர் தென்னைமரத்துக்குப் பின்னால் ஒதுங்குவார்கள்.

கடற்கரையிலிருந்து இரண்டு மைல் உள்ளே ஒரு சின்ன அரசாங்க தர்மாஸ்பத்திரி. 1949-ல் நான் அங்கே கம்பவுண்டராகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. என் ஊர் கிழக்கே, வயல்களுக்கு நடுவில். சைவக் குடும்பம். கடற்கரை எனக்கு வேறு தேசம் மாதிரி இருந்தது. டாக்டர் செவ்வாயும் சனியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் அவள் வந்தாள். ஒரு ஆளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் முட்டி இரண்டும் வழியில் உரசி ரத்தம் வழிந்தது.

"இவன் எனக்க கூடப் பொறந்தவன். இவனுக்க கண்ணப் பாருங்க சாரே."

"முதல்ல முடிய விடு."

"விட்டா ஓடிருவான்."

அவன் ஓடுகிற நிலையில் இல்லை. வயிறு பானை மாதிரி ஊதி, தொப்புள் வெளியே தள்ளியிருந்தது. கைகால்கள் குச்சியாக இருந்தன. கண் மஞ்சள். உள்ளங்கை சாயம் தோய்ந்தது போலச் சிவப்பு. நெஞ்சில் சிலந்திக் கால்கள் மாதிரி மெல்லிய சிவப்பு நரம்புகள் கிளை விரித்திருந்தன. கணுக்காலை அழுத்தினேன். விரல் போன இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அவள் குனிந்து தன் பெருவிரலை வைத்து இன்னொரு குழி உண்டாக்கிப் பார்த்தாள்.

"இது என்னது?"

"ஈரல் கெட்டுப் போச்சு. கெட்டா இப்படித்தான்."

"எல்லாருக்கும் இப்படியா? ஆரம்பத்துலயே தெரியாதா?"

ஒரு மீன்காரி அப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சின்ன வயசு, படித்ததைச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. சொன்னேன். முதலில் பசி எடுக்காது. காலையில் எழுந்ததும் குமட்டும். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகும், மலம் வெளுக்கும். உடம்பு அரிக்கும். லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகும். பிறகு கண் மஞ்சளாகும், கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். கடைசியில் புத்தி தடுமாறும், ரத்தம் வாந்தி எடுக்கும். ஒவ்வொன்றாக நான் சொல்ல அவள் உதடு அசைந்தது. மனப்பாடம் செய்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

"எதுனால வருது?"

"சாராயத்தால."

"வேற?"

வேறு காரணங்கள் எனக்குத் தெரியும். டாக்டர் வைத்திருந்த புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. வெளியே முப்பது பேர் மருந்துக்குக் காத்து நின்றார்கள். இவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

"சாராயத்த நிறுத்தச் சொல்லு. அது போதும்" என்றேன்.

அவள் சொல்லவில்லை, செய்தாள். தம்பியைக் கொண்டுபோய் மணலில் ஏற்றி வைத்திருந்த பழைய கட்டுமரத்தோடு சேர்த்து வடத்தால் கட்டினாள். மேலே ஓலை மறைத்தாள். பதினோரு நாள். மூன்றாம் நாள் அவனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. மேலெல்லாம் நண்டு ஊர்கிறது என்று கத்தினான். கஞ்சி ஊட்டப் போனவளின் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பிய்த்தான். அவள் மறு கையால் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டு, மிச்சக் கஞ்சியையும் ஊட்டினாள். நான் தூக்க மருந்தோடு போய்ப் பார்த்தபோது அவன் என்னைப் பார்த்து, "சாரே, என்ன அவிழ்த்து விடுங்க, இவ கொல்லுவா" என்று அழுதான். "கொன்னா நான் கொன்னதாட்டு இருக்கட்டு. சாராயம் கொல்லண்டாம்" என்றாள் அவள்.

அவன் பிழைத்தான். டாக்டர் மருந்தில் இரண்டு மாதத்தில் வயிறு வற்றியது. அடுத்த சாகரைக்கு, மீன் பெருகும் பருவத்துக்கு, கடலுக்குப் போனான். டாக்டரே ஆச்சரியப்பட்டார். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அவள் ஊரில் கண் பார்க்கத் தொடங்கினாள். பெண்கள் அவளிடம் வந்து காதில் சொல்வார்கள். அவள் கடவத்தை, அந்தப் பெரிய மீன் பெட்டியை, இறக்கி வைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பாள். ஆண்கள் பக்கவாசல் வழியாக வெளியேறத் தொடங்கினார்கள். ஒரு தடவை பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கண்டித்தார். "சாமி, கொஞ்சம் வெளிச்சத்துல வாருங்க, உங்களுக்க கண்ணையும் பாத்திருதேன்" என்றாளாம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என்னிடம் அவளுக்கு ஒரு பிரியம் இருந்தது. ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போது நின்று ஒரு வெற்றிலை போட்டுவிட்டுத்தான் போவாள். "மீன் தின்னாத வாயி. அதான் சாருக்குச் சத்தமே வரல்ல" என்று கேலி செய்வாள். சந்தையிலிருந்து திரும்பும்போது எனக்கென்று ஒரு பூசணித் துண்டோ நாலு வெண்டைக்காயோ வாங்கி வந்து ஜன்னலில் வைப்பாள். மீன் வாசம் அடிக்கக் கூடாதென்று வாழையிலையில் தனியாகச் சுற்றியிருக்கும். முதல் வருஷம் அவளை நீ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷம் அக்கா என்றேன்.

தென்னந்தோப்புக்குள் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சி வாற்றுகிறவர்கள் இருந்தார்கள். ஒரு பகலில் அவள் இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பானைகளை உடைத்தாள். கொதிக்கிற பானையைக் காலால் எத்தியதில் இருவருக்குக் கால் வெந்தது. வாற்றுகிறவன் வெட்டுக்கத்தியை வீசினான். அவள் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்தது. பிளந்த கையோடேயே அவனைக் கீழே தள்ளி, உடைந்த பானை ஓட்டால் அவன் முகத்தைக் கிழித்தாள். அவளையும் அவனையும் ஒரே வண்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள்.

மரத்துப்போகச் செய்யும் மருந்து அன்று கைவசம் இல்லை. அப்படியே தையல் போட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்க மாப்பிள செத்ததும் இதுபோல ஒரு திங்கக்கெழமதான். வாய் வழியா ரத்தம். சட்டி வச்சேன், நெறஞ்சு போச்சு. கொண்டு கொட்டிட்டு வந்து மறுபடி வச்சேன். மூணாமத்த தடவ வச்சப்பம் ஆளு இல்ல."

நான் ஊசியை நிறுத்தினேன்.

"தையுங்க சாரே. அவரு நல்லவரு. குடிச்சா மட்டும் அடிப்பாரு. செத்த அண்ணைக்கு எனக்க ரெண்டு விரலு ஒடிஞ்சு கெடந்துது. அந்தக் கையாலதான் சட்டி பிடிச்சேன்."

வலது கையை நீட்டிக் காட்டினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் கோணலாக இருந்தன. அவ்வளவு நாள் அந்தக் கையைப் பார்த்தும் நான் கவனிக்கவில்லை.

அவள் ஆண்களை அடிப்பது தெரிந்தும் நான் சும்மா இருந்ததற்குக் காரணம் உண்டு. கிழிந்த உதட்டோடும் வீங்கிய கண்ணோடும் வரும் பெண்கள் அந்த இரண்டு வருஷத்தில் குறைந்துபோனார்கள். ஆனால் வேறு ஆட்கள் வந்தார்கள். ஒருவனுக்குத் தோள் எலும்பு ஒடிந்திருந்தது. ஒருவனுக்குக் காதிலிருந்து ரத்தம். "இப்படி அடிக்காதீங்க அக்கா. எங்கயாவது எக்குத்தப்பாப் பட்டுரும்" என்றேன். "நான் அடிச்சா எலும்பு ஒடியும். அது கூடிரும் சாரே" என்றாள். நான் சிரித்தேன். அப்போது சிரித்ததை இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

1952 ஆனி மாதம் மழை ஓயாமல் பெய்தது. கடற்கரைக்கு மேலே இருந்த பொதுக்கிணற்றில் தெருவின் அழுக்கெல்லாம் இறங்கி தண்ணீர் கலங்கியது. ஆடி பிறப்பதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் காய்ச்சலோடு வந்தார்கள். சோற்றைக் கண்டால் குமட்டல். ஒரு வாரத்தில் கண் மஞ்சள். கிணற்று நீரால் வருகிற காமாலை, கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல் என்றார் டாக்டர். மருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவள் மருந்துக்கு வருகிறவள் இல்லை. வெற்றிலை போட வந்து நின்றபோதும் எனக்கு அது நினைவில் வரவில்லை.

கோயிலுக்கு எதிரே ஓலைச் சாய்ப்பின் கீழ் ஒரு தையல்காரன் மிஷின் போட்டிருந்தான். முப்பது வயது. எனக்கு இரண்டு சட்டை தைத்துத் தந்திருக்கிறான். அளவெடுக்கும்போதுகூட உடம்பில் கை படக் கூச்சப்படுகிறவன். அந்தக் காய்ச்சல் அவனுக்கும் வந்தது. பத்து நாள் படுத்துவிட்டு, ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்திருக்கிறான். பாதி வழியில் முடியவில்லை. தென்னந்தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். சாராயம் வாற்றுகிற அதே தோப்பு.

அவள் கருங்கல்லிலிருந்து வெறுங்கடவத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

அடுத்து நடந்ததைப் பார்த்தவர்கள் பலபேர். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். முடியைப் பிடித்தாள். இமையை இழுத்துப் பார்த்தாள். "ஏலே, நீயுமா" என்றாள். "நான் குடிக்கல்ல அக்கா" என்று அவன் சொன்னான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கம்பால் முதுகில் இரண்டு அடி. அவன் கையை ஊன்றி எழப் பார்த்தான். வலது விலாவில் காலால் ஓங்கி ஒரு மிதி.

வழக்கம் போல என்னிடம்தான் இழுத்து வந்தாள். "இவனப் பாருங்க சாரே. ஊசியும் நூலுமாட்டுத் திரிஞ்சவன். இவனும் தொடங்கிட்டான்."

நான் அவன் வாயருகே குனிந்தேன். வாந்தியின் புளிப்பைத் தவிர வேறு வாசம் இல்லை. உள்ளங்கை வெளுத்திருந்தது. நெஞ்சில் சிவப்பு நரம்பு ஒன்றுகூட இல்லை. கால் வீங்கவில்லை. வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இறுகிக்கொண்டிருந்தது. நாடி என் விரலுக்கு அடியில் நூலாகிப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்குப் பழக்கமில்ல சாரே" என்று அவன் என்னிடம் சொன்னான். அதை நான் நம்புகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தான். நம்புகிறேன் என்று தலையாட்டினேன்.

வாடகைக் கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் முற்பகலில் செத்துப்போனான். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு எங்கள் டாக்டர் என்னிடம் சொன்னார்: "ஈரல் வீங்கிக் கனிஞ்ச பழம் மாதிரி இருந்திருக்கு. நல்ல ஆளுக்கு அந்த மிதி நாலு நாள் வலிச்சிருக்கும். இவனுக்குக் கிழிஞ்சிட்டுது. ஈரல் கெட்டவனுக்கு ரத்தமும் லேசில உறையாது, உள்ளயே ஓடித் தீர்ந்திருக்கு. மஞ்சள்னா குடின்னு அவளுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

நான் மருந்துப் புட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தேன்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் தையல்காரனின் மனைவி நேராக மீன்காரியின் குடிசைக்குப் போனாள். நானும் கூட்டத்தில் இருந்தேன். மீன்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கம்பு ஓலைச்சுவரில் சாய்த்திருந்தது. தையல்காரனின் மனைவி, அந்தச் சின்னப் பெண், அதை எடுத்தாள்.

"ஏட்டி, அவுரு குடிச்சத நீ கண்டியா? கண்டியாட்டி?"

அடிக்கத் தொடங்கினாள். தோளில், கழுத்தில், முகத்தில். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. மீன்காரி கையைத் தூக்கவில்லை. தடுக்க வந்த தம்பியை ஒரு பார்வையில் நிறுத்தினாள். கம்பு ஒடிந்தது. ஒடிந்த துண்டால் அந்தப் பெண் அடித்தாள். பிறகு கையால் அடித்தாள். பிறகு மீன்காரியின் காலடி மணலில் உட்கார்ந்து, வாயில் மண்ணை அள்ளி வைத்துக்கொண்டு அழுதாள். மீன்காரி அவள் வாயிலிருந்து மண்ணை விரலால் தோண்டி எடுத்தாள். அந்த விரலையும் அவள் கடித்தாள்.

போலீஸ் மறுநாள் வரும் என்று செய்தி. மீன்காரி காத்திருக்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். முகம் ஒரு பக்கம் கறுத்து வீங்கியிருந்தது.

"எனக்குப் போலீசுகிட்டப் பேசத் தெரியாது. கூட வாறீங்களா?"

நடந்தோம். அவள் முன்னால், நான் இரண்டடி பின்னால். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"சாரே, குடிக்காதவனுக்கும் கண்ணு மஞ்சளாவுமா?"

"ஆகும்."

"எதுனால?"

இந்தத் தடவை முழுவதையும் சொன்னேன். கெட்ட தண்ணீரால் வரும். ஒரே ஊசியைக் கொதிக்க வைக்காமல் பலபேருக்குக் குத்தினால் வரும். என்ன என்று தெரியாத பஸ்பமும் சூரணமும் தின்றால் வரும். பித்தப்பையில் கல் அடைத்தால் வரும். சிலபேருக்குப் பிறக்கும்போதே ஈரலில் குறை இருக்கும். நான் சொல்லச் சொல்ல அன்று போலவே அவள் உதடு அசைந்தது. வழியில் எதிர்ப்பட்ட ஆண்கள் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார்கள்.

சொல்லி முடித்தேன். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. வெறும் சந்தேகம் கேட்கிற முகம்.

"அண்ணைக்கே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன?"

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் நடந்தாள்.

கோர்ட்டில் நானும் சாட்சி. எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், என்ன நிலையில் இருந்தான் என்று கேட்டார்கள். சொன்னேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். எனக்கு அரசாங்க உத்தியோகம். அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. இல்லை என்றேன். கூண்டில் நின்றவளிடம் யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். "யாரும் சொல்லல்ல. நான்தான் மிதிச்சேன்" என்றாள். அவள் கை பட்டுத் திருந்தியவர்களும் திருந்தாதவர்களும் கோர்ட்டு முற்றத்தில் நிறையப்பேர் நின்றார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் என்று தீர்ப்பு. திருவனந்தபுரம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கிழக்கே போய்விட்டேன்.

ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அந்த 1956 கடைசியில், மனைவி வீட்டுக் காரியமாகக் கருங்கல் போகவேண்டி வந்தது. சந்தை நாள். மீன் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. முன்னால் வாழையிலையில் சாளை மீன் பரப்பியிருந்தது. அருகே போவதா வேண்டாமா என்று பத்தடி தள்ளி நின்றேன்.

அப்போது எதிர் வரிசையில் ஒருவன் தன் பெண்சாதியை அடிக்கத் தொடங்கினான். நல்ல போதை. அவள் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவள். முடியைப் பிடித்துக் கிழங்குக் குவியல்மேல் முகத்தைத் தேய்த்தான். இடுப்பில் மிதித்தான். சந்தை முழுவதும் மீன்காரியின் பக்கம் திரும்பியது. அடிபடுகிறவளும் தலையை நிமிர்த்தி, "அக்கா, எக்கா" என்று அவளைத்தான் கூப்பிட்டாள்.

அவள் எழவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து, ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவன் மறுபடியும் காலைத் தூக்கினான்.

நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். வாழ்க்கையில் யாரையும் நான் அடித்ததில்லை. அன்றும் அடிக்கத் தெரியவில்லை. அவன் ஒரே குத்தில் என் வாயை உடைத்தான். கீழே விழுந்தேன். வயிற்றில் ஒரு மிதி விழுந்தது. நான் அவன் காலைக் கட்டிக்கொண்டு விடாமல் கிடந்தேன். அதற்குள் நாலுபேர் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிழங்குக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிதறிய கிழங்கைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

நான் எழுந்து உட்கார்ந்தபோது மீன்காரி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீரோடு முன்னால் குந்தியிருந்தாள். வாய் கொப்பளித்தேன். ரத்தத்தோடு ஒரு பல் வந்து மணலில் விழுந்தது. அவள் இன்னொரு சிரட்டை மொண்டு கொடுத்தாள்.

"நோவுதா?"

"நோவுது அக்கா."

"நோவட்டும்" என்றாள்.

பிறகு எழுந்து போய்ச் சாளைக்கு முன்னால் உட்கார்ந்து, காத்து நின்ற ஒருத்திக்கு எண்ணிப் போடத் தொடங்கினாள்.